‘பிளான்படி உள்ளது’ என்று எழுதச் சொல்கிறார்கள், நான் என்ன செய்வது?

தென் மாவட்ட நகராட்சி ஒன்றில் நகரமைப்பு ஆய்வாளராக வேலை பார்க்கும் ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், தெரு, ஆட்களின் அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 31. சிவில் படித்து, தேர்வெழுதி வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பகுதியில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அனுமதி வாங்கிய பிளானில் தரைத்தளம் முழுக்க வாகன நிறுத்தம், மேலே இரண்டு மாடி, மொத்தம் ஆறு வீடு. இவர் போய்ப் பார்த்தபோது மூன்றாவது மாடிக்குப் பில்லர் ஏறியிருந்தது. வாகன நிறுத்தத்தில் செங்கல் சுவர் எழுப்பி, ஷட்டருக்கு இடம் விட்டு, நான்கு கடைகள் தயாராகிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் விட வேண்டியது ஒன்றரை மீட்டர். டேப் பிடித்துப் பார்த்தால் 70 சென்டிமீட்டர்தான் இருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி மேஸ்திரியிடம் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தார். வேலை நிற்கவில்லை.

அப்புறம் வார்டு கவுன்சிலர் போன் செய்தார். இவருக்கு மேலே இருக்கும் நகரமைப்பு அலுவலர், “ஃபைலை அப்படியே வை, பார்த்துக்கலாம்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் இல்லாத நேரத்தில் கட்டட உரிமையாளரின் ஆள் வீட்டுக்கு வந்து, “கிரகப்பிரவேசத்துக்குச் சொல்ல வந்தோம்” என்று அம்மாவிடம் ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாள் கழித்துத் திறந்தால் மைசூர்பாகுக்கு அடியில் 50,000 ரூபாய். கடிதம் எழுதிய நாளோடு அது வந்து ஒன்பது நாள். இப்போது இரண்டு மாதம் முந்தைய தேதி போட்டு, ‘ஆய்வு செய்யப்பட்டது, பிளான்படி உள்ளது’ என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார் அலுவலர். ஆணையரே சொன்னதாகவும் சொல்கிறார். “ஸ்கூட்டியில தனியாத்தான போறீங்க” என்று சைட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அவர் கேட்பவை: மேலதிகாரி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு யாருடையது? பணத்தைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதுமா? நோட்டீஸ் கொடுத்துவிட்டேன், என் கடமை முடிந்ததுதானே? மாறுதல் கேட்டுப் போய்விடலாமா? கடைசியாக, அம்மா மேல் வழக்கு வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான இரண்டு விஷயங்களை உங்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற ஆய்வாளர்களுக்கும் உதவும் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இரண்டாவது ஸ்லாப் போட்டு ஐந்தாம் நாளே முட்டுக் கம்புகளைப் பிரித்து மேலே கொண்டுபோய்விட்டார்கள், கீழே வடமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு படுத்திருக்கிறார்கள்.” நீங்கள் இணைத்திருந்த படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சவுக்குக் கம்பு செங்கல் துண்டின் மேல் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

பீம் இடைவெளி 17 அடி என்று குறித்திருக்கிறீர்கள். அது நாலரை மீட்டருக்கு மேல். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் 456-ன்படி, சாதாரண சிமென்டில் போட்ட, நாலரை மீட்டருக்கு மேற்பட்ட ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். அதற்குட்பட்ட ஸ்லாபுக்கே 7 நாள். பீமுக்கு, ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஐந்தாம் நாளே பிரித்த ஸ்லாபின் மேல்தான் அடுத்த ஸ்லாபுக்கான சென்ட்ரிங் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் கம்பும்) முழுக்க நிற்கிறது. இது உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டிய விஷயமில்லை, நீங்கள் படித்ததுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் கவுன்சிலருக்கு ஒரு பக்கமும் அந்தத் தொட்டிலுக்கு ஒரு வரியும்தான் கிடைத்திருக்கிறது. பயம் வந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும், குற்றம் சொல்லவில்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதில் நிறையப் பேர். பக்கத்திலேயே நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உங்கள் கட்டடம் அதற்கு முன்னால் சின்னதுதான். ஆனால் படுத்திருப்பவர்களுக்கு மூன்று மாடி போதும்.

அதனால் முதல் வேலை இது. கீழே தங்கியிருப்பவர்களை உடனே வெளியேற்ற வேண்டும் என்று உரிமையாளருக்கும், பிளானில் கையெழுத்திட்ட பதிவுபெற்ற பொறியாளருக்கும் எழுதுங்கள். ஆணையருக்கு ஒரு குறிப்பு வையுங்கள். தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் நகல் போகட்டும். முட்டு எந்தத் தேதியில் பிரிக்கப்பட்டது, யார் சொல்லித் தெரிந்தது, நீங்கள் எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதை அதில் குறிப்பிடுங்கள். அனுமதி பெற்ற ஸ்ட்ரக்சுரல் டிசைன் இரண்டு மாடிக்கானது, மூன்றாவதின் பாரம் அதில் கணக்கிடப்பட்டதா என்று அந்தப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் இல்லை, கம்பிக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பிளானில் இருப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றா என்று பார்ப்பதும், மாறினால் எழுதுவதும்தான் உங்கள் வேலை.

அந்த 50,000 ரூபாய்

இதில்தான் நீங்கள் ரொம்பவும் தவறாக நினைத்திருக்கிறீர்கள். “ஆளைக் கூப்பிட்டு மூஞ்சியில் வீசிவிட்டு வந்துவிடலாமா” என்று கேட்டீர்கள். கூடாது. சாட்சி இல்லாமல் திருப்பிக் கொடுத்தால், ‘ஒரு லட்சம் கேட்டார், ஐம்பது கொடுத்தேன், போதாது என்று திருப்பித் தந்தார்’ என்று அந்த மனிதர் நாளைக்குச் சொல்லலாம். அதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கும்?

ஊழல் தடுப்புச் சட்டம், 1988-ன் 7-வது பிரிவில், பொது ஊழியர் சட்டவிரோத ஆதாயம் பெற்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வேறொருவர் கை வழியாக வாங்கினாலும் அது வாங்கியதுதான். 2018 திருத்தத்துக்குப் பிறகு 8-வது பிரிவில் கொடுப்பவரும் குற்றவாளி, அவருக்கும் 7 ஆண்டு வரை உண்டு. ஆக, அந்த பாக்ஸைக் கொண்டுவந்து வைத்தவர் ஏற்கெனவே ஒரு குற்றம் செய்திருக்கிறார். நீங்கள் செய்யவில்லை. ஆனால் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் இந்த வித்தியாசம் மங்கிக்கொண்டே போகும்.

கேட்டு வாங்கினார் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் யாரோ இதைச் சொல்லி, “ஒண்ணும் ஆகாது” என்று தேற்றியிருக்கிறார்கள். பாதிதான் சரி. சூழ்நிலைச் சான்றுகளை வைத்தும் கேட்டதை நிரூபிக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அப்புறம், தீர்ப்பு வருவது கடைசியில். கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே பணியிடை நீக்கம் வந்துவிடும். லஞ்ச ஒழிப்புத் துறை பொறிவைத்துப் பவுடர் தடவிக் கொடுத்த நோட்டைத் தொட்ட கையைக் கரைசலில் நனைத்து அது இளஞ்சிவப்பாக மாறியதும் கூனிக் குறுகிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் எட்டு, பத்து வருடம் கழித்து விடுதலை ஆனார்கள். அந்த எட்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

நான் போனில் சொன்னபடி, பணத்தை பாக்ஸோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி, உங்கள் தாய்மாமாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். நடந்ததை ஆணையருக்கும் மாவட்ட லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பணத்தை எண்ணியதைச் சொல்லிவிடுங்கள். ஒன்பது நாள் தாமதமானதையும் சொல்லிவிடுங்கள், பயத்தில் இருந்தேன் என்றே சொல்லுங்கள். நேற்றுதான் பார்த்தேன் என்று மாற்றி எழுதத் தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள். உண்மையான தேதியோடு வரும் தாமதத்தை எந்த நீதிமன்றத்திலும் என்னால் விளக்க முடியும். பொய்யான தேதியை விளக்க முடியாது.

‘மேலே சொன்னாங்க’

பல வருடம் முன்பு ஓய்வு பெறப்போகும் நேரத்தில் ஒரு கட்டட ஆய்வாளர் என்னிடம் வந்தார். பழைய கட்டடம் ஒன்றின் அறிக்கையில் அவர் போட்ட கையெழுத்துக்காக சார்ஜ் மெமோ (துறையின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்திருந்தது. “வாய்மொழியாச் சொன்னாங்க சார், நான் எழுதினேன்” என்பதைத் தவிர அவரிடம் எந்தப் பதிலும் இல்லை. விசாரணையில் அந்த மேலதிகாரியைச் சாட்சியாக அழைத்தோம். ‘அப்படி எந்த உத்தரவும் நான் பிறப்பிக்கவில்லை’ என்று ஒரே வரி சொல்லிவிட்டு, காபி குடிக்கப் போய்விட்டார். கையெழுத்துப் போட்டவர் மட்டும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

2013-ல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லா அரசு ஊழியர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்படி நடக்கக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு வந்தால் அதை எழுத்தில் பதிய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. எனவே அலுவலரிடம் சண்டை போட வேண்டியதில்லை. கோப்பில் ஒரு குறிப்பு வையுங்கள், போதும்: ‘இந்தத் தேதியில் தாங்கள் நேரில் தெரிவித்தபடி, இந்த மனைக்கான ஆய்வறிக்கையை முந்தைய தேதியிட்டு வழங்கக் கேட்கப்பட்டுள்ளேன். அந்தத் தேதியில் நான் அங்கு ஆய்வு செய்யவில்லை. இந்தத் தேதியில் செய்த ஆய்வில் கண்ட விதிமீறல்கள் கீழே உள்ளன. உரிய எழுத்துப்பூர்வ ஆணையை வேண்டுகிறேன்.’ மரியாதையான நடை, முழு உண்மை. இப்படி ஒரு குறிப்பு போன பிறகு பெரும்பாலும் அந்த உத்தரவு எழுத்தில் வராது.

ஒருவேளை எழுத்தில் வந்தாலும் நீங்கள் பொய்யை எழுத வேண்டியதில்லை. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தில் பொது ஊழியர் தவறான பதிவை உருவாக்கினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 218-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை இருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 256-வது பிரிவாக நீடிக்கிறது. ஸ்லாப் விழுந்து ஓர் உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த 106-வது பிரிவும் சேர்ந்து நிற்கும். அன்றைக்கு ‘பிளான்படி உள்ளது’ என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே இருப்பது உங்கள் பெயர் மட்டும்தான்.

விதிப்படி கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்துவிட்டதே, இனி ஆய்வாளருக்கு என்ன வேலை என்று அலுவலர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலை 22 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் தரைத்தள அல்லது ஒரு மாடி வீடுகளுக்கானது. ஆறு வீடு, நான்கு கடை, மூன்று மாடி அதில் வரவே வராது. மாறாக, 2024 டிசம்பர் 17 அன்று உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சொன்னது இதற்கு நேர் எதிர்: கட்டுமானம் நடக்கும்போதே அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும், ஆய்வைப் பதிவு செய்து வைக்க வேண்டும், அனுமதி பெற்ற பிளான் கட்டுமான இடத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும், தவறாகச் சான்று கொடுத்த அதிகாரி மேல் துறை நடவடிக்கை வேண்டும். அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை உங்கள் குறிப்போடு இணைத்துவிடுங்கள்.

நோட்டீஸ் கொடுத்தாயிற்றா?

நீங்கள் கொடுத்ததை நோட்டீஸ் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கிறது, அதை வாங்கியவர் மேஸ்திரி, ஒப்புகை இல்லை, என்ன விதிமீறல் என்ற அளவு இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஐந்து நிமிட வேலை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 56-வது பிரிவு, அனுமதிக்கு மாறான கட்டுமானத்துக்கு நோட்டீஸ் தரும் அதிகாரம். நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவது 57-வது பிரிவு. இரண்டிலும் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட வேண்டும். அதற்கான வரைவைத் தயாரித்து மேலே வைப்பது உங்கள் வேலை.

வரைவில் அடைமொழியெல்லாம் வேண்டாம், அளவுகளை எழுதுங்கள். வடக்குப் பக்கம் விட வேண்டியது 1.50 மீட்டர், விட்டிருப்பது 0.70 மீட்டர். வாகன நிறுத்தத்தில் இத்தனை சதுர மீட்டர் சுவர் வைத்து அடைக்கப்பட்டுள்ளது. உரிமையாளர் பெயருக்கு, அனுமதியில் உள்ள முகவரிக்கு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் வாங்க மறுத்தால் கட்டடத்தில் ஒட்டி, சாட்சிகளோடு மகஜர் (அந்த இடத்தில் நடந்ததைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதிப் படம் எடுங்கள். போனில் இருக்கும் படங்களை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள், போனையும் மாற்றாமல் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவில் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது மூலக் கருவி கையில் இருந்தால் நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். “உச்ச நீதிமன்றம் 15 நாள் நோட்டீஸ் என்று சொல்லிவிட்டது, அதனால் இப்போது நிறுத்த முடியாது” என்று உரிமையாளர் சொன்னது தவறு. 2024 நவம்பர் 13 தீர்ப்பு இடிப்பதற்கானது. இடிக்கும் முன் 15 நாள் அவகாசமும் விளக்கம் கேட்பதும் கட்டாயம், மீறினால் அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு போகும். வேலையை நிறுத்துவது வேறு. அதே சமயம் உரிமையாளருக்கும் உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். அவர் விளக்கம் தரலாம், மேல்முறையீடு போகலாம், விதிக்கு உட்பட்ட பகுதிக்குத் திருத்திய பிளான் கேட்கலாம். அதற்கெல்லாம் அவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். நீங்கள் கோபத்தில் ஒரு நாள் அவகாசத்தைக் குறைத்தாலும் அவருக்கு அதுவே ஆயுதம்.

நிருபரிடம் கொடுக்கலாமா என்று உங்கள் சித்தப்பா மகன் கேட்டிருக்கிறார். வேண்டாம். கோப்பை வெளியில் கொடுத்தால் நடத்தை விதிப்படி உங்கள் மேலேயே நடவடிக்கை வரும். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி இறங்காதீர்கள்.

சைட்டில் பேசிய அந்த ஸ்கூட்டி வார்த்தையை லேசாக விடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இனி தனியாகப் போகாதீர்கள். உடன் ஒரு பணியாளரையும், தேவையானால் போலீஸ் பாதுகாப்பையும் ஆணையரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘பொம்பளப்பிள்ளை பயந்துட்டா’ என்று பேசுவார்கள். பேசட்டும்.

மாறுதல்

மாறுதல் கேட்பது தப்பில்லை. வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், பயம் நியாயமானது. ஆனால் இந்தக் கோப்பை இப்படியே விட்டுப் போனால், பின்னால் வருபவர் ‘முந்தைய ஆய்வாளர் ஒன்றும் எழுதவில்லை’ என்று எழுதுவார். நீங்கள் ராஜினாமாவே செய்தாலும் அந்த வரி உங்களைத் தேடி வரும். முதலில் குறிப்பு, நோட்டீஸ் வரைவு, லஞ்சப் புகார் மூன்றும் அனுப்புகைப் பதிவேட்டில் எண் பெறட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இந்தக் கோப்பை அதன் நிலையோடு தனியாகக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கப்புறம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள்.

கடைசியாக அம்மா. “நான்தான் வாங்கிவைத்து உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்” என்று அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விசேஷத்துக்கு அழைக்க வந்தவர் கொடுத்த இனிப்பை வாங்கிவைப்பது நம் வீடுகளில் எந்த அம்மாவும் செய்வதுதான். உள்ளே பணம் இருப்பது தெரியாமல் வாங்கியது குற்றமாகாது. புகாரோடு அவருடைய வாக்குமூலத்தையும் சேருங்கள். அதை நீங்கள் எழுதித் தராதீர்கள், அவரே அவருடைய வார்த்தையில் எழுதட்டும்: யார் வந்தார், எத்தனை மணி, என்ன சட்டை, என்ன சொல்லிக் கொடுத்தார். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த வேண்டாம். எழுதி முடித்ததும் அவரைச் சாப்பிட வையுங்கள்.